இரு கடல்களுக்கு இடையே ஓர் இருப்புப்பாதை

இங்கிலாந்தின் தென்மேற்கில் சாமர்செட், டார்செட் என்னும் இரு மாவட்டங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. முன்னதன் வடமேற்கு எல்லை பிரிஸ்டல் கால்வாய் எனப்படும் கடல். பின்னதன் தென்னெல்லை ஆங்கிலக் கால்வாய். இவ்விரு கடல்களுக்கும் இடைப்பட்ட நிலம் ஒரு தன்மைத்தன்று. மேற்கே நீர் தேங்கும் சதுப்புத் தாழ்நிலம், நடுவே மென்டிப் என்னும் சுண்ணாம்புக் குன்றுத் தொடர், அதன் வடசரிவில் நிலக்கரிச் சுரங்கங்கள், தெற்கே பசுக்கள் மேயும் பள்ளத்தாக்குகள் எனப் பலவாறாக விரிவது. இந்நிலத்தின் ஊடே 1854 முதல் 1966 வரை நூற்றுப் பன்னிரண்டு ஆண்டுகள் பயணிகளைச் சுமந்து சென்றதே சாமர்செட்–டார்செட் இருப்புப்பாதை.

அந்நாட்டு மக்கள் அதனை முதலெழுத்துகளால் 'எஸ் அண்டு டி' என்றே சுருக்கி வழங்கினர். அதில் ஏறி நேரத்தோடு ஊர் சேர முடியாதவர்கள், அவ்வெழுத்துகளுக்கு 'மெதுவானது, அழுக்கானது' என ஆங்கிலத்தில் பொருந்திவரும் சொற்களைச் சேர்த்து ஏளனம் செய்தனர். அதன்மீது அன்பு கொண்டவர்களோ அதே எழுத்துகளை 'விரைவானது, இன்பமானது' என விரித்துப் போற்றினர். ஒரே இரண்டெழுத்து வசைக்கும் வாழ்த்துக்கும் இடங்கொடுத்தமை, சிலேடையில் பயின்றோர்க்குச் சுவை தருவதாகும். ஆயின் அப்பாதை மூடப்பட்ட பின் அதனைப் பற்றி எழுதியோருள் பெரும்பாலோர் வாழ்த்தை மட்டுமே நினைவில் வைத்தனர். இரங்கற்பாவில் இறந்தவர் குறை கூறுதல் மரபன்று என்பது உண்மையே. எனினும் வரலாறு இரங்கற்பா அன்று. வசையும் அதில் இடம்பெறுதல் வேண்டும்.

தொடக்கத்தில் இவை இரு தனித்தனிக் குழுமங்கள். சாமர்செட் சென்ட்ரல் என்பது முதலாவது. கிளாஸ்டன்பரி என்னும் பழம்பெரும் ஊரிலிருந்து கடலருகே உள்ள ஹைபிரிட்ஜ் வரை அது அமைத்த பாதை 1854ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் திறக்கப்பட்டது. ஸ்ட்ரீட் என்னும் சிற்றூரில் காலணித் தொழில் நடத்திவந்த கிளார்க் குடும்பத்தார் இம்முயற்சிக்கு ஊக்கம் தந்தோருள் முதன்மையானவர்கள். குவேக்கர் சமயப் பிரிவைச் சார்ந்த அவர்களுக்குத் தம் சரக்கை வெளியே அனுப்ப நல்லதொரு வழி தேவைப்பட்டது. அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன் அதே தாழ்நிலத்தில் ஒரு படகுக் கால்வாய் வெட்டப்பட்டிருந்தது. அது எதிர்பார்த்த பயன் தராமையால், அதன் கரையை ஒட்டியே தண்டவாளம் இடப்பட்டது. தோற்றுப்போன ஒரு வழியின் தடத்திலேயே புதிய வழி பிறந்தது எனலாம். இரண்டாவது குழுமமாகிய டார்செட் சென்ட்ரல், தெற்கே விம்போர்ன் ஊரிலிருந்து பிளாண்ட்ஃபோர்டு வரையிலான தன் பாதையை 1860இல் திறந்தது.

1862இல் இவ்விரண்டும் ஒன்றாக இணைந்தன. மறு ஆண்டு இடைவெளியும் நிரம்பியது. இணைப்புக்குப் பின்னணியாக அமைந்த கனவு பெரிது. வேல்சு நாட்டின் கார்டிஃபிலிருந்து கப்பலில் வரும் சரக்கும் மக்களும் பர்ன்ஹாம் கரையில் இறங்கி, இப்பாதை வழியே தென்கடலை அடைந்து, மீண்டும் கப்பலேறிப் பிரான்சு சென்று சேர்வர் என்று கணக்கிட்டனர். கார்ன்வால் முனையைச் சுற்றிச் செல்லும் நெடிய கடற்பயணம் மிஞ்சும் அல்லவா! இதற்காகவே பர்ன்ஹாமில் கடலுக்குள் சரிந்திறங்கும் கல்மேடை ஒன்று கட்டி, அதன்மீதும் தண்டவாளம் இட்டனர். தென்கரையில் பூல் துறையிலிருந்து ஷெர்பூர்க்குக்கு நீராவிக் கப்பலும் சில காலம் ஓடியது.

வரைபடத்தில் பார்க்கும்போது பிழையற்ற கணக்கு. கப்பல் தலைவர்கள்தாம் அதனை ஏற்கவில்லை. ஒரு சரக்கை இருமுறை ஏற்றி இருமுறை இறக்கும் கூலி, முனையைச் சுற்றும் செலவை விழுங்கிவிட்டது. 1860களின் நடுவிலேயே குழுமம் கடனில் மூழ்கியது. பின்னர் 1886இல் செவர்ன் ஆற்றின் அடியே குகைப்பாதை திறக்கப்பட்டதும், கார்டிஃப் செல்வோர்க்குப் பர்ன்ஹாம் கப்பலின் தேவையே இல்லாது போயிற்று. இரு கடல்களை இணைக்கவென எழுந்த பாதை, அந்நோக்கம் பொய்த்த பிறகும் நூறாண்டு ஓடியது என்பதே இவ்வரலாற்றில் ஊன்றி நோக்கத்தக்கது. நிறுவியவர்கள் எண்ணிப்பாராத பயன்களே அதனை வாழவைத்தன.

அப்பயன்களுக்கு வாயில் திறந்தது, கடனில் இருந்த குழுமம் துணிந்து மேற்கொண்ட மற்றொரு பெருஞ்செலவு ஆகும். எவர்கிரீச்சிலிருந்து மென்டிப் குன்றுகளைக் கடந்து வடக்கே பாத் நகரம் வரை இருபத்தாறு மைல் பாதையை இரண்டே ஆண்டுகளில் அமைத்து 1874ஆம் ஆண்டு ஜூலை 20ஆம் நாள் திறந்தனர். மாஸ்பரி என்னுமிடத்தில் பாதை கடல் மட்டத்திலிருந்து 811 அடி உயரத்தை எட்டியது. ஐம்பது அடிக்கு ஓரடி ஏறும் செங்குத்தான சரிவுகள், பள்ளத்தாக்குகளைத் தாண்டும் உயர்ந்த வளைவுப் பாலங்கள், குகைகள் என அமைந்த இப்பகுதி கண்ணுக்கு விருந்து, எஞ்சினுக்கோ பெருஞ்சுமை. ராட்ஸ்டாக் வட்டாரத்து நிலக்கரி இப்பாதையில் வந்து விழுந்தது. மிட்லண்டுப் பகுதித் தொழில் நகரங்களும் தென்கடற்கரையும் ஒரே தொடர்பில் இணைந்தன.

கட்டி முடித்த அளவில் குழுமத்தின் கைப்பொருள் முற்றும் தீர்ந்தது. விற்பதைத் தவிர வேறு வழியில்லை. முதலில் கிரேட் வெஸ்டர்ன் என்னும் பெருங்குழுமத்தை அணுகினர். அது தன் கூட்டாளிகளோடு கலந்ததோடு, தென்பகுதியில் உரிமை நாடக்கூடிய லண்டன்–தென்மேற்குக் குழுமத்துக்கும் செய்தியைத் தெரிவித்து அதன் கருத்தைக் கேட்டது. கேட்கப்பட்டவர்களோ காலங்கடத்தாமல் மிட்லண்டுக் குழுமத்திடம் விரைந்து சென்றனர். இருவருமாகச் சேர்ந்து 1875இல் 999 ஆண்டுக் குத்தகைக்குப் பாதையைப் பெற்றனர். நாகரிகம் கருதிச் சொல்லப்பட்ட ஒரு செய்தியால் கைக்கெட்டிய பொருளை கிரேட் வெஸ்டர்ன் இழந்தது. இந்நிகழ்ச்சியைப் பின்னர் வருவதன்பொருட்டு நினைவிற்கொள்ளுதல் நலம்.

புதிய குத்தகையாளர் பொறுப்பேற்ற மறு ஆண்டே பேரிடர் நேர்ந்தது. 1876ஆம் ஆண்டு ஆகஸ்டு 7ஆம் நாள் வங்கி விடுமுறை நாள். உலாச் சென்று திரும்புவோரின் கூட்டத்துக்காகச் சிறப்பு வண்டிகள் பல விடப்பட்டிருந்தன. ராட்ஸ்டாக்குக்கும் வெல்லோவுக்கும் இடையே ஒற்றைத் தண்டவாளம். இரவில் ஃபாக்ஸ்கோட் அருகே எதிரெதிராக வந்த இரு வண்டிகள் நேருக்கு நேர் மோதின, பதின்மூவர் மாண்டனர். விசாரணையில் வெளிப்பட்டவை நெஞ்சை உறுத்துவன. தந்திக் கருவியின் முன் அமர்த்தப்பட்டிருந்தவன் இன்னும் வயது முதிராத சிறுவன். வேலை நேரமோ அளவிறந்தது. நிலைய அதிபர் தம் இடத்தில் இல்லை. எந்த வண்டி எப்போது வருமென்ற அறிவிப்பு முறையாகச் சென்று சேரவில்லை. குறைந்த கூலிக்குக் கிடைத்த இளங்கைகளில் நூற்றுக்கணக்கானோரின் உயிர் ஒப்படைக்கப்பட்டிருந்தது. நாட்டுப்புற இருப்புப்பாதை என்றாலே பூந்தோட்டம் சூழ்ந்த நிலையமும் புன்னகை புரியும் பணியாளரும் எனக் காட்டும் பிற்கால ஓவியங்களில் இச்சிறுவனுக்கு இடமில்லை.

அதன் பின்னர்ச் சீர்திருத்தங்கள் வந்தன என்பதையும் சொல்லவேண்டும். ஒற்றைப் பாதையின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு வில்லை. அதனைக் கையில் கொண்டிருக்கும் ஓட்டுநர் மட்டுமே அப்பகுதியில் வண்டியைச் செலுத்தலாம். வில்லையை வாங்கவும் கொடுக்கவும் ஒவ்வோரிடத்திலும் வேகத்தைத் தணிப்பது காலத்தைத் தின்றது. இப்பாதையின் எஞ்சின் பிரிவுத் தலைவராக விளங்கிய ஆல்ஃபிரட் விட்டேக்கர், ஓடும் வண்டியே வில்லையைப் பற்றிக்கொள்ளவும் விட்டுச்செல்லவும் ஏற்றதொரு பொறியை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைத்தார். பொறியியல் மூளையும் கைத்திறனும் இச்சிறு நிறுவனத்துக்குக் குறைவில்லை. ஹைபிரிட்ஜில் அதற்கெனத் தனிப் பட்டறை இருந்தது. பயணி வண்டி இழுக்கும் எஞ்சின்களுக்கு ஆழ்ந்த நீலவண்ணம் பூசினர். நாட்டின் வேறெங்கும் அதற்கு நிகரான நிறம் இல்லை எனப் பணியாளர் பெருமை பேசினர். 1930இல் எஞ்சின்கள் பெருங்குழுமத்தின் உடைமையாயின. நீலம் போய்க் கறுப்பு வந்தது. அதே ஆண்டில் பட்டறையும் மூடப்பட்டது. இப்பாதைக்கு விழுந்த முதல் வெட்டு 1966இல் விழுந்ததன்று. ஹைபிரிட்ஜ்த் தொழிலாளர் குடும்பங்களுக்கு அது முப்பத்தாறு ஆண்டுகளுக்கு முன்னரே விழுந்தாயிற்று.

அதற்கு முந்திய ஆண்டில் நிகழ்ந்தது ஒன்றைக் கூறாமல் செல்ல இயலாது. பாத் நகரத்தின் தெற்கே கூம் டவுன் என்னும் குகைப்பாதை 1829 கெச நீளமுடையது. ஒற்றைத் தடம், காற்றுப் போக்கிக்கு ஒரு துளையும் இல்லை. அவ்வாறு துளையற்ற குகைகளுள் அதுவே பிரிட்டனில் மிக நீண்டதாகும். 1929ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் நாள் மாலை, பளு மிகுந்த சரக்கு வண்டி ஒன்று வடக்கு நோக்கி அக்குகையின் ஏற்றத்தில் ஊர்ந்து சென்றது. எஞ்சின் பின்புறம் முன்னாகத் திருப்பி இணைக்கப்பட்டிருந்தது. புகையும் வெப்பமும் சூழ, ஓட்டுநரும் கரியிடுபவரும் மூச்சடைத்து மயங்கி வீழ்ந்தனர். ஆள் உணர்வற்ற அந்த வண்டி எவ்வாறோ குகையைக் கடந்து, அப்பாலுள்ள இறக்கத்தில் தன்போக்கில் விரைந்து, பாத் சரக்கு நிலையத்தில் கவிழ்ந்தது. ஓட்டுநரோடு, நிலைய வளாகத்தில் இருந்த பணியாளர் இருவரும் உயிரிழந்தனர். கரியிடுபவர் பிழைத்தார். நீராவி எஞ்சினின் புகையைக் கவிதையில் வெண்முகிலுக்கு ஒப்பிடுவது எளிது. குகைக்குள் அப்புகையை மூச்சாக உட்கொண்டு அன்றாடம் பணிபுரிந்தோர் ஈரத்துணியால் முகம் மூடிச் சென்றனர்.

இவ்வளவுக்கும் இடையே பாதை மக்களின் வாழ்வோடு கலந்துவிட்டது. சதுப்புநிலத்துப் பால் அதில் சென்றது. ஸ்ட்ரீட்டின் காலணி சென்றது. சுரங்கத்துக் கரியும், முற்றா நிலக்கரியாகிய பீட்டும் சென்றன. பீட்டைப் பற்றி ஒரு சிறு நிகழ்ச்சி உண்டு. பீட் வெட்டுவோர் தம் சிறு தண்டவாளத்தை ஆஷ்காட் அருகே பெரிய பாதையின் குறுக்கே இட்டிருந்தனர். 1949ஆம் ஆண்டு ஆகஸ்டில் அவர்களுடைய குட்டி எஞ்சின் அக்குறுக்கில் நின்றுவிட, வந்த வண்டியின் எஞ்சின் அதனை மோதித் தடம் புரண்டு பக்கத்து வடிகால் ஓடையில் கவிழ்ந்தது. தூக்கியெடுக்கப் பாரந்தூக்கியைக் கொண்டுவரலாம் என்றால், சேற்றுநிலம் அதன் எடையைத் தாங்காது. ஆதலால் கிடந்த இடத்திலேயே எஞ்சினைத் துண்டு துண்டாக அறுத்து அள்ளினர்.

இப்பாதைக்குப் பெரும்புகழ் தந்தது கோடைக்கால விடுமுறைக் கூட்டமே. மான்செஸ்டரிலிருந்து போர்ன்மத் கடற்கரைக்குச் செல்லும் நேர்வண்டி 1910இல் தொடங்கி, 1927இல் 'பைன்ஸ் எக்ஸ்பிரஸ்' என்னும் பெயர் பெற்றது. போர்ன்மத்தின் பைன் மரச் சோலைகளே அப்பெயருக்குக் காரணம். கோடைச் சனிக்கிழமைகளில் வடபுலத்து ஆலைத் தொழிலாளர் குடும்பத்தோடு திரள் திரளாக இப்பாதையில் கடல்காணச் சென்றனர். குன்றேற ஓர் எஞ்சின் போதாது. முன்னே துணை எஞ்சின் பூட்டவேண்டும். எவர்கிரீச் சந்திப்பில் அத்துணை எஞ்சின்கள் வரிசையாகக் காத்து நின்ற காட்சியைப் படமெடுக்கவே ஆர்வலர் பலர் வந்தனர். அவருள் பாத் நகரத்து ஐவோ பீட்டர்ஸ் தலையாயவர். அவருடைய நிழற்படங்களும் இயங்கு படங்களும் இல்லையேல் இப்பாதையின் முகம் பிற்காலத்தார்க்குத் தெரிந்திராது. டெம்பிள்கூம் என்னும் சந்திப்பிலோ நிலைமை வேறு. மேல் நிலையத்துக்குள் வரவோ வெளியேறவோ, வண்டியை வேறோர் எஞ்சின் பின்புறமாக இழுத்துச் செல்லவேண்டும். அவசரக்காரர் சீற்றங்கொள்வர், அவ்வூரார்க்கு அது பழகிப்போன வேடிக்கை.

1948இல் இருப்புப்பாதைகள் நாட்டுடைமையாயின. பத்தாண்டு கழித்து 1958இல் இப்பாதையின் வடபகுதி முழுமையும் மேற்கு மண்டலத்தின் ஆட்சிக்கு மாற்றப்பட்டது. அம்மண்டலம் பழைய கிரேட் வெஸ்டர்ன் குழுமத்தின் வழித்தோன்றல். 1962ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் நாள் பைன்ஸ் எக்ஸ்பிரஸ் இறுதியாக மென்டிப் குன்றைக் கடந்தது. அதை இழுத்தது 'ஈவினிங் ஸ்டார்' என்னும் எஞ்சின். பிரிட்டிஷ் ரயில்வேக்காகக் கட்டப்பட்ட நீராவி எஞ்சின்களுள் கடைசியானது அதுவே. அந்திவிண்மீன் எனப் பொருள்படும் அப்பெயர் அன்றைய நாளுக்கு எத்துணைப் பொருத்தம்! அதன்பின் அவ்வண்டி ஆக்ஸ்ஃபோர்டு வழியாகத் திருப்பிவிடப்பட்டது. நெடுந்தொலைவு வண்டிகள் போயின, வருவாய் வீழ்ந்தது, வீழ்ந்த வருவாயைக் காட்டியே மூடும் முடிவும் எடுக்கப்பட்டது. எண்பதாண்டுக்கு முன் குத்தகையில் ஏமாந்த பகையைத் தீர்த்துக்கொண்டனர் என ஆர்வலர் இன்றும் கூறுவர்.

அக்கூற்றில் பாதி உண்மை உண்டு. மறுபாதி, ஆர்வலர் நினைக்க விரும்பாதது. சாமர்செட்டின் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டுவந்தன. பால் லாரிக்கு மாறியது. ஆலைத் தொழிலாளர் சிற்றுந்து வாங்கலாயினர். பர்ன்ஹாமுக்கு வழக்கமான பயணிப் போக்குவரத்து 1951இலேயே நின்றுவிட்டது. பகை ஒன்றும் இல்லாதிருந்தாலும் பாதை நலிந்தே இருக்கும். வண்டிகளைத் திருப்பிய செயல் அந்நலிவைச் சாவாக விரைவுபடுத்தியது எனக் கொள்வதே நடுநிலையாகும்.

1963ஆம் ஆண்டு மார்ச்சு 27ஆம் நாள் ரிச்சர்ட் பீச்சிங் தம் அறிக்கையை வெளியிட்டார். இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்ற அவர், இரசாயனத் தொழில் நிறுவனம் ஒன்றிலிருந்து இருப்புப்பாதை வாரியத்தின் தலைமைக்கு அழைத்துவரப்பட்டவர். நாட்டின் பாதை நீளத்தில் மூன்றிலொரு பங்கு, பயணிப் போக்குவரத்தில் நூற்றில் ஒரு பங்கையே சுமக்கிறது என அவர் கணக்கிட்டார். ஏறத்தாழ ஐயாயிரம் மைல் பாதையையும் 2,363 நிலையங்களையும் மூடுமாறு பரிந்துரைத்தார். சாமர்செட்–டார்செட் பாதையும் அப்பட்டியலில் இருந்தது. எண்கள் பொய்யல்ல. ஆனால் போக்குவரத்தை எண்ணியது 1961ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களின் ஒரு வாரத்தில். கோடையில் கடற்கரைக்குச் சுமைதாங்கியாக விளங்கிய பாதையைக் கோடை வருமுன்னர் எடைபோட்டால் என்ன எடை காட்டும்? ஆண்டில் சில நாள் கூட்டத்துக்காகவே பெட்டிகளை ஆண்டு முழுதும் வைத்துக் காப்பது வீண்செலவு என்பது பீச்சிங் தரப்பு விடை. அதுவும் தள்ளத்தக்கதன்று. பேருந்து நிற்காத ஊரின் முதியவளுக்கு அவ்வண்டி யாது பயன் தந்தது என்பதை எழுதுவதற்கு மட்டும் அக்கணக்கேட்டில் கட்டம் இல்லை.

அதே 1963இல் கவிஞர் ஜான் பெட்ஜமன், எவர்கிரீச் சந்திப்பிலிருந்து கடற்கரை நோக்கிச் செல்லும் கிளைப்பாதையில் பயணம் செய்து பி.பி.சி. தொலைக்காட்சிக்காக ஒரு படம் அளித்தார். பின்னர் 1972இல் அரசவைக் கவிஞராகும் அவர், சிறு நிலையங்களின் விளக்குகளையும் காத்திருப்போர் அறைகளையும் காட்டி இவற்றைக் காக்க வேண்டினார். ஃபிளாண்டர்ஸ், ஸ்வான் என்னும் இரட்டையர் மூடப்படவிருக்கும் நிலையங்களின் பெயர்களை அடுக்கி ஒரு பாடல் புனைந்ததும் அவ்வாண்டே. இப்பாதையின் மிட்சமர் நார்ட்டனும் பிளாண்ட்ஃபோர்டும் அதில் இடம்பெற்றன. ஊர்ப்பெயர்களைத் தொடுப்பதே பாட்டாக முடியும் என்பதை ஊர்ப்பெயரின் ஓசையறிந்த எந்தப் புலவரும் ஒப்புவர். படமும் பாட்டும் மக்கள் நெஞ்சைத் தொட்டன, அமைச்சகத்தைத் தொடவில்லை. 1964 தேர்தலின்போது பெருமளவில் பாதைகளை மூடுவதை நிறுத்துவோம் என்று சொல்லி வென்ற தொழிற்கட்சியின் ஆட்சியிலேயே, 1965இல் இப்பாதையை மூட இசைவு தரப்பட்டது.

1966 சனவரி 3 எனக் குறித்த நாள் தவறியது. மாற்றுப் பேருந்து விடவேண்டிய நிறுவனங்களுள் ஒன்று தன் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றதால், சட்டப்படி பாதையை மூட இயலவில்லை. ஒருசில வண்டிகளோடு 'தற்காலிக நெருக்கடிச் சேவை' என்ற பெயரில் ஒன்பது வாரம் இழுத்துச் சென்றனர். வண்டிகள் ஒன்றோடொன்று இணைப்புப் பெறாவண்ணம் கால அட்டவணை அமைந்தது. நாட்பட்ட நோயாளிக்கு உணவைக் குறைத்து வைத்தது போன்ற அவ்வொன்பது வாரமே பாதையின் வரலாற்றில் பார்க்க விரும்பத்தகாத பகுதி என்பர். மார்ச்சு 5ஆம் நாள் சனிக்கிழமை வழக்கமான வண்டிகள் இறுதியாக ஓடின. ஞாயிறன்று ஆர்வலர் குழுக்கள் அமர்த்திய சிறப்பு வண்டிகள் சென்றன. பாலங்களிலும் வயல்களிலும் மக்கள் கூடி நின்றனர். திங்கட்கிழமை, 7ஆம் நாள், பாதை மூடப்பட்டது.

துண்டுகளாகச் சில பகுதிகளில் சரக்கு வண்டி மட்டும் சிறிது காலம் ஓடியது. பேசன் பிரிட்ஜ்ப் பால் 1972 வரை சென்றது. ராட்ஸ்டாக் அருகே ரித்லிங்டனின் கரி 1973இல் அங்கிருந்த கடைசிச் சுரங்கம் மூடப்பட்டதோடு முடிந்தது. மிட்சமர் நார்ட்டன் நிலையத்தை அன்பர் குழு ஒன்று பழையவாறு புதுப்பித்து, சிறிது தொலைவு தண்டவாளமும் இட்டுள்ளது. பாத் நகரத்தின் கிரீன் பார்க் நிலையத்தில், வண்டிகள் நின்ற இரும்புக் கூரையின்கீழ்ச் சந்தை கூடுகிறது. கூம் டவுன் குகைப்பாதை 2013ஆம் ஆண்டு ஏப்ரலில் நடப்போர்க்கும் மிதிவண்டியில் செல்வோர்க்கும் திறந்துவிடப்பட்டது. ஓட்டுநர்கள் ஈரத்துணியால் முகம் மூடிச் சென்ற அவ்விருளின் நடுப்பகுதியில், ஒருவர் கடந்து செல்லும்போது ஒளியும் இசையும் எழுமாறு ஒரு கலைப்படைப்பு அமைக்கப்பட்டுள்ளது.